நாள் பார்க்கும் நாம் நாள் எண்ணுகிறோமா?

நம் மக்கள் நாளுக்கு மதிப்புக் கொடுக்காதவர்கள் என்று எவரும் குறை கூறிவிட முடியாது. பிள்ளைக்குப் பெயர் சூட்டவும், காது குத்தவும், பெண் பார்க்கப் புறப்படவும், புது வீட்டில் பால் காய்ச்சவும் நாம் நாள் பார்க்கிறோம். மளிகைக் கடைக்காரர் ஆண்டுத் தொடக்கத்தில் அன்பளிப்பாகத் தரும் நாள்காட்டி தொங்காத தமிழர் வீட்டைத் தோட்டப்புறத்தில் காண்பது அரிது. அதில் இராகு காலம் எது, எமகண்டம் எது, கரிநாள் எது, கார்த்திகை எது என்று நம் இல்லத்தரசியார் கண்ணிமைக்கும் நேரத்தில் கூறிவிடுவர். ஆனால், அதே நாள்காட்டியை வைத்துக்கொண்டு, இன்ன நாளிலிருந்து இன்ன நாள் வரை எத்தனை நாள் என்று எண்ணிப் பார்க்கும் வழக்கம் எத்தனை இல்லங்களில் உண்டு? நாள் பார்க்கத் தெரிந்த அளவுக்கு நாள் எண்ண நாம் பழகவில்லை. இந்தக் குறையைப் பற்றியே இம்மலரில் யாம் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

இதனைச் சிறு குறை என்று கருதிவிடலாகாது. அரசாங்க அலுவலகங்களும் தொழிற் சட்டங்களும் மருத்துவ மனைகளும் நாள் பார்ப்பதில்லை. அவை நாள் எண்ணுகின்றன. எண்ணிய நாள் கடந்துவிட்டால், கையில் உள்ள நியாயம் எவ்வளவு பெரிதாயினும் கதவு மூடிக்கொள்கிறது. செல்வர்க்கு எண்ணிச் சொல்லக் கணக்கரும் வழக்கறிஞரும் உளர். நமக்கோ நம் விரல்களே துணை. ஆதலின், நாள் எண்ணத் தெரியாமையால் விளையும் இழப்பு எளியோர் தலையிலேயே பெரும்பாலும் விடிகிறது.

நம் முன்னோர் காலத்தின் அருமையை அறியாதவர் அல்லர். வள்ளுவர் காலமறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொன்ன உழவர் மரபு நம்முடையது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் தோட்டத் தொழிலே நாள் எண்ணும் தொழில்தானே! பால் மரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவது நாடறிந்த முறை. முதல் தேதியில் ஒரு வெட்டைத் தொடங்கினால், மழையும் ஓய்வும் குறுக்கிடாதவரை, அம்மாதம் முழுவதும் அவ்வெட்டு ஒற்றைப்படைத் தேதிகளில் வரும். மாதத்துக்கு 31 நாளாயின், 31ஆம் தேதி வெட்டிய மரத்தை அடுத்த மாதம் 2ஆம் தேதிதான் வெட்ட வேண்டும். அதிலிருந்து இரட்டைப்படைத் தேதிகள் தொடரும். செம்பனைத் தோட்டத்திலும் இவ்வாறே. ஏறத்தாழ 10 நாள் முதல் 14 நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு நிரைக்கும் குலை வெட்டும் சுற்று வந்தாக வேண்டும். நிலத்தில் நட்ட செம்பனை ஏறத்தாழ 30 மாதத்தில் முதல் அறுவடை தரும் என்பதைக் கணக்கிட்டே தோட்ட நிர்வாகம் ஆள் கணக்கையும் பணக் கணக்கையும் முன்கூட்டி வகுக்கிறது. வேலைக்காட்டில் இத்துணைத் திறமாக நாள் எண்ணும் நாம், வீட்டுக்கு வந்ததும் அதனை மறந்துவிடுகிறோம். ஏன்?

காரணம் ஒன்று உண்டு. பள்ளியில் ‘காலமும் நேரமும்’ என்னும் தலைப்பில் கணிதம் கற்பிக்கப்படுகிறது. ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று பத்தி போட்டுப் பிள்ளைகள் கூட்டுகின்றனர், கழிக்கின்றனர், சரிக்குறியும் பெறுகின்றனர். அத்துடன் அது முடிந்துவிடுகிறது. அந்தக் கணக்கு அப்பாவின் பணிக்காலத்தைப் பற்றியது, அம்மாவின் பேறுகால விடுமுறையைப் பற்றியது, தம்பியின் பிறப்புப் பதிவைப் பற்றியது என்று பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. ஏட்டுக் கணக்கும் வீட்டுக் கணக்கும் வெவ்வேறு என்று பிள்ளை எண்ணிக்கொள்கிறது. இந்தச் சுவரை இடிப்பது ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி என்பதே எம் கருத்து.

இனி, நாள் எண்ணுவதில் பலரும் இடறும் இடங்கள் இரண்டினைக் காண்போம்.

முதலாவது, முதல் நாளைச் சேர்ப்பதா, விடுவதா என்பது. ஒரு வரிசையில் 10 பால் மரங்கள் நிற்கின்றன. மரங்களை எண்ணினால் 10. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளிகளை எண்ணினால் 9. நாள் கணக்கும் இத்தகையதே. 3ஆம் தேதி முதல் 7ஆம் தேதி முடிய விடுமுறை என்றால், 7இலிருந்து 3ஐக் கழித்து 4 நாள் என்று சொல்லிவிடுகிறோம். அது இடைவெளிக் கணக்கு. விடுமுறை நாள்களோ மரங்களைப் போன்றவை. 3, 4, 5, 6, 7 என ஐந்து நாள். எனவே, இரு முனை நாள்களும் சேர வேண்டிய இடத்தில் கழித்துவந்த விடையோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கால இடைவெளி மட்டும் வேண்டிய இடத்தில் கூட்டலாகாது.

நம் சமய மரபு பெரும்பாலும் முதல் நாளையும் சேர்த்தே எண்ணும். 2026ஆம் ஆண்டுத் தைப்பூசம் பிப்ரவரி 1ஆம் தேதி. பூச நாளையும் உட்படுத்தி 48 நாள் விரதம் காக்க விரும்பும் ஒருவர், என்று தொடங்க வேண்டும்? 48 நாளைப் பின்னோக்கிக் கழித்து டிசம்பர் 15 என்று சொன்னால், அன்று முதல் எண்ணும்போது 49 நாள் ஆகிவிடும். சரியான நாள் டிசம்பர் 16. டிசம்பரில் 16 நாள், ஜனவரியில் 31 நாள், பிப்ரவரியில் ஒரு நாள், ஆக 48.

சட்டமோ வேறு வகையில் எண்ணுகிறது. நம் நாட்டின் 1948, 1967ஆம் ஆண்டுகளின் பொருள்விளக்கச் சட்டங்களின்படி, ஒரு நிகழ்ச்சியிலிருந்து இத்தனை நாள் என்று சொல்லப்பட்டால், நிகழ்ச்சி நடந்த நாள் கணக்கில் சேராது. மறுநாளே முதல் நாள். ஆகவே, நாள் கணக்கு எதுவாயினும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘தொடக்க நாள் சேருமா, சேராதா?’ என்பதே.

இரண்டாவது இடறல், மாதத்தை 30 நாளாக எண்ணிவிடுவது. 60 நாள் என்று சொன்னால் இரண்டு மாதம் என்று நாம் மொழிபெயர்த்துக்கொள்கிறோம். இரண்டு மாதம் என்பது 59 நாளாகவும் இருக்கலாம். 62 நாளாகவும் இருக்கலாம். எம்மாதத்துக்கு எத்தனை நாள் என்று அறியக் கையே போதும். கையை மடக்கி, விரல் மூட்டுகளின் மேடுகளையும் அவற்றிடையே உள்ள பள்ளங்களையும் பாருங்கள். சுட்டுவிரல் மேட்டில் ஜனவரி என்று தொடங்கி, மேடு பள்ளம் என மாறி மாறி எண்ணினால், சுண்டுவிரல் மேட்டில் ஜூலை வந்து நிற்கும். மீண்டும் சுட்டுவிரல் மேட்டுக்கே வந்து ஆகஸ்டு எனத் தொடர வேண்டும். மேட்டில் நிற்கும் மாதங்களுக்கு 31 நாள். பள்ளத்தில் விழுபவற்றுக்கு 30 நாள். பிப்ரவரிக்கு மட்டும் 28, நெட்டாண்டில் 29.

இந்த இரண்டு இடறல்களும் ஏட்டுச் சுவடியில் ஒரு மதிப்பெண்ணைத்தான் பறிக்கும். வாழ்க்கையில் எவற்றைப் பறிக்கும் என்பதைக் கேளுங்கள்.

ஒரு தொழிலாளி நியாயமான காரணமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டதாகக் கருதினால், மீண்டும் வேலையில் அமர்த்தக் கோரித் தொழில் உறவு இலாகாவில் விண்ணப்பிக்கலாம். 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இதற்கு விதிக்கும் கெடு 60 நாள். ஒருவர் ஜூலை 5ஆம் தேதி நீக்கப்படுகிறார் என்று கொள்வோம். ‘இரண்டு மாதம் இருக்கிறது’ என்று எண்ணி அவர் செப்டம்பர் 5ஆம் தேதி சென்றால் என்ன ஆகும்? ஜூலை 6 முதல் 31 முடிய 26 நாள். ஆகஸ்டில் 31 நாள். ஆகக் கூடி 57. எஞ்சிய மூன்று நாள் செப்டம்பர் 3ஆம் தேதியோடு முடிந்துவிடுகிறது. அவர் இரண்டு நாள் பிந்திவிட்டார். இருபதாண்டு உழைத்தவராயினும், நீக்கியது அநியாயமே ஆயினும், கெடு கடந்த விண்ணப்பத்தை இலாகா ஏற்பதற்கில்லை. இரண்டு நாள் பிழை ஒரு குடும்பத்தின் வழக்கையே அழித்துவிடுகிறது. கெடுவின் கடைசி நாள் வரையிலும் காத்திருப்பது எக்காலத்தும் அறிவுடைமை அன்று. எனினும், அந்தக் கடைசி நாள் எது என்று அறியாமலே இருப்பது அதனினும் பெருங்கேடு.

பணிக்காலக் கணக்கும் இத்தகையதே. தோட்டங்கள் பல விற்கப்பட்டும் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியதைக் கண்ணாரக் கண்ட தலைமுறை நம்முடையது. ஆள்குறைப்பு நேரும்போது தொழிலாளிக்குரிய இழப்பீட்டை 1980ஆம் ஆண்டு வேலைநிறுத்த, ஆள்குறைப்புப் பயன்கள் விதிகள் வரையறுக்கின்றன. குறைந்தது 12 மாதம் தொடர்ந்து பணியாற்றியவருக்கு இவ்விதிகள் பொருந்தும். பணிக்காலம் இரண்டாண்டுக்குக் குறைவாயின் ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம். இரண்டாண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டுக்கு உட்பட்டிருந்தால் 15 நாள் சம்பளம். ஐந்தாண்டோ அதற்கு மேலோ ஆயின் 20 நாள் சம்பளம்.

இப்பொழுது கணக்கைப் பாருங்கள். 2018 ஜூன் 15ஆம் தேதி வேலையில் சேர்ந்த ஒருவருக்கு 2023 ஜூன் 10ஆம் தேதியோடு வேலை முடிவதாக வைத்துக்கொள்வோம். அவருடைய பணிக்காலம் 4 ஆண்டு 11 மாதம் 27 நாள். மாதக் கணக்கில் அதனை ஐந்தாண்டு எனச் சரிசெய்தாலும் ஆண்டுக்கு 15 நாள் வீதம் அவர் பெறுவது 75 நாள் சம்பளம். அவர் ஜூன் 14 முடிய வேலையில் இருந்திருப்பின் ஐந்தாண்டு நிறைவெய்தி, ஆண்டுக்கு 20 நாள் வீதம் 100 நாள் சம்பளம் பெற்றிருப்பார். நான்கு நாள் வேறுபாடு. இருபத்தைந்து நாள் சம்பளம்! தாம் வேலையில் சேர்ந்தது ‘தீபாவளிக்கு முந்திய மாதமோ, பிந்திய மாதமோ’ என்று மட்டும் நினைவிருக்கும் தொழிலாளி இந்தக் கணக்கை யாரிடம் பேச முடியும்? வேலை நியமனக் கடிதத்தையும் முதல் மாதச் சம்பளச் சீட்டையும் போற்றி வைத்திருப்பவரே பேச முடியும். பணிக்காலம் வேலை போகும் நாளுக்கு மட்டும் உரியதும் அன்று. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி ஆண்டு விடுமுறையும் இதே இரண்டாண்டு, ஐந்தாண்டு எல்லைகளில்தான் 8 நாள், 12 நாள், 16 நாள் என உயர்கின்றது. ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாதபோது, வேலைநீக்க முன்னறிவிப்பும் அவ்வெல்லைகளின்படியே 4 வாரம், 6 வாரம், 8 வாரம் என அமைகின்றது.

அடுத்து, தாய்மார்களுக்குச் சில சொற்கள். பிள்ளை பத்து மாதம் சுமக்கப்படுகிறது என்பது நம் வழக்கு. மருத்துவரோ ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல் என்கின்றனர். இரண்டும் பொய்யல்ல. 28 நாள் கொண்டதை ஒரு மாதமாகக் கொண்டால் பத்து மாதத்துக்கு 280 நாள். மருத்துவர் கணக்கும் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள்தான். அந்த முதல் நாளோடு 7ஐக் கூட்டி, மூன்று மாதம் பின்னோக்கிச் சென்றால் அடுத்து வரும் அந்த நாளே ஏறத்தாழப் பேற்று நாள். ஜனவரி 10 ஆயின் 17 ஆக்கி, மூன்று மாதம் பின்சென்றால் அக்டோபர் 17. இது தோராயக் கணக்கேயாயினும், பட்டணத்து மருத்துவ மனைக்கு வண்டி ஏற்பாடு செய்யவும், மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடவும், கையில் காசு சேர்க்கவும் அது போதும்.

பேறுகால விடுமுறை 2023 ஜனவரி 1 முதல் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தப்பட்டது. இது 14 முழு வாரம். ஆகவே, செவ்வாய்க்கிழமை விடுமுறை தொடங்கினால் திங்கட்கிழமை முடியும். மீண்டும் செவ்வாய்க்கிழமை வேலைக்குச் செல்ல வேண்டும். தேதிக் கணக்கிலும் பார்க்கலாம். 2026 மார்ச் 10 செவ்வாய். அன்று முதல் மார்ச்சில் 22 நாள், ஏப்ரலில் 30, மேயில் 31, ஜூனில் 15, ஆக 98. ஜூன் 15 திங்களோடு விடுமுறை முடிகிறது. இங்கு முதல் நாளும் விடுமுறை நாளே ஆதலின் அதனையும் சேர்த்தெண்ணினோம் என்பதைக் கவனித்தல் வேண்டும்.

பிறந்த குழந்தைக்கு முதற் கெடு பிறப்புப் பதிவு. தீபகற்ப மலேசியாவில் அதற்குரிய காலம் 60 நாள். அதன் பின்னர் அது காலந்தாழ்ந்த பதிவாகிவிடும். விசாரணையும் அலைச்சலும் கூடும். ஆகஸ்டு 10ஆம் தேதி பிறந்த குழந்தைக்கு 60ஆம் நாள் அக்டோபர் 9. அக்டோபர் 10 அன்று. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைப்பது முதல் அடையாள அட்டை பெறுவது வரை படிதோறும் முட்டுக்கட்டையே. நம் சமுதாயத்தில் பத்திரம் இன்றி வாழ்வோரைத் தேடிப் பதிவு செய்ய 2011ஆம் ஆண்டில் ‘மைடஃப்தார்’ என்னும் சிறப்பு இயக்கத்தையே அரசாங்கம் நடத்த வேண்டியிருந்தது. அந்நிலை அனைவர்க்கும் நாள் கணக்கால் மட்டும் வந்ததன்று. எனினும், ‘அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்னும் சொல்லுக்கும் அதில் பங்குண்டு என்பதை நாம் மறைத்துப் பயனில்லை.

பதிவுக்குப் பின் தடுப்பூசி. நம் நாட்டு அட்டவணையில் 2, 3, 5, 18 மாதங்களில் ஒரு வகை ஊசியும், தட்டம்மை முதலியவற்றுக்கான ஊசி 9, 12 மாதங்களிலும் போடப்படுகின்றன. பிறந்த தேதி தெரிந்தால் இவை அனைத்துக்கும் உரிய தேதிகளைக் குழந்தை பிறந்த வாரத்திலேயே நாள்காட்டியில் குறித்துவிடலாம். பன்னிரண்டு வயது நிறைந்ததும் 30 நாளுக்குள் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆறாம் ஆண்டு மாணவர்கள் இதனைத் தம் கணக்காகவே கொள்ளலாம். அந்த அட்டையின் பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள் என்பதை அறிவீர்களா? ஒரு மனிதன் வாழ்நாள் முழுவதும் சுமந்து செல்லும் எண்ணே ஒரு தேதியில்தான் தொடங்குகிறது!

பண்டிகைச் செலவுக்கும் நாள் எண்ணிக்கை வேண்டும். நாம் வாழும் நாட்டில் பல நாள்காட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. ஆங்கில ஆண்டு 365 நாள். இசுலாமியர் ஆண்டு சந்திரனை மட்டும் பின்பற்றி ஏறத்தாழ 354 நாள் கொண்டது. அதனால் நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முந்தி வருகிறது. சீனர் நாள்காட்டி சந்திரனைப் பின்பற்றினும், சில ஆண்டுகளில் ஒரு மாதத்தைக் கூட்டிப் பருவத்தோடு ஒத்துப்போகிறது. நம் மாதங்கள் சூரியனைப் பின்பற்றி 29 நாள் முதல் 32 நாள் வரை நீள்கின்றன. ஆயின் தீபாவளி, ஐப்பசித் திங்களில் சந்திரனைக் கொண்டு கணிக்கப்படுகிறது. 2024இல் தீபாவளி அக்டோபர் 31; 2025இல் அக்டோபர் 20; 2026இல் நவம்பர் 8. முதல் இரண்டுக்கும் இடையே 354 நாள்; பின் இரண்டுக்கும் இடையே 384 நாள். ‘ஆண்டுக்கொரு தீபாவளி’ என்று பொதுவாகச் சொன்னாலும் ஓராண்டுக்கும் மற்றோராண்டுக்கும் ஒரு மாத வேறுபாடு வந்துவிடுகிறது. தீபாவளிக்கு 700 வெள்ளி வேண்டும் என்று வையுங்கள். 354 நாளில் முழு வாரங்கள் 50. வாரம் 14 வெள்ளி சேர்க்க வேண்டும். 384 நாளில் முழு வாரங்கள் 54. வாரம் 13 வெள்ளி சேர்த்தாலே 702 வெள்ளி ஆகிவிடும். முந்தி வரும் ஆண்டில் எண்ணாமல் இருந்தவர்தாம் கடைசி வாரத்தில் வட்டிக்குக் கடன் வாங்குகின்றனர். மனைவியின் சங்கிலியை அடகுக் கடைக்குக் கொண்டு செல்கின்றனர். அடகு வைத்தால் அதற்கும் ஆறு மாதம் என்று ஒரு கெடு! ஆகஸ்டு 15இல் வைத்த நகைக்குப் பிப்ரவரி 15 நினைவிருக்க வேண்டும். நினைவில்லாத வீட்டில் தாலிக்கொடி ஏலத்துக்குப் போகிறது.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு ஓர் இனிய கணக்குத் தருகிறோம். ஓராண்டின் 365 நாளை 7ஆல் வகுத்தால் 52 வாரமும் மீதி ஒரு நாளும் வரும். ஆகவே, ஒரு தேதி அடுத்த ஆண்டில் ஒரு கிழமை தள்ளி வரும்; நடுவில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு கிழமை தள்ளும். நம் நாடு விடுதலை பெற்ற 1957 ஆகஸ்டு 31 சனிக்கிழமை. மலேசியா உருவான நாள் 1963 செப்டம்பர் 16. இடையே ஆறாண்டும் 16 நாளும். ஆறாண்டுக்கு 2190 நாள், 1960 நெட்டாண்டு ஆதலின் ஒரு நாள், அதன்மேல் 16 நாள், மொத்தம் 2207. இதனை 7ஆல் வகுத்தால் 315 வாரமும் மீதி இரண்டு நாளும். சனிக்கு இரண்டு நாள் தள்ளி, திங்கட்கிழமை. மலேசியா பிறந்தது ஒரு திங்கட்கிழமை என்பதை ஏட்டைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டீர்கள்! இவ்வாறே உங்கள் தாத்தா பாட்டி பிறந்த கிழமையையும் கண்டறிந்து அவர்களை வியக்கச் செய்யுங்கள். நூற்றாண்டு எல்லையைக் கடக்கும்போது மட்டும் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: 400ஆல் வகுபடும் 2000 நெட்டாண்டு, வகுபடாத 1900 நெட்டாண்டு அன்று, 2100உம் அன்று.

‘இதெல்லாம் எதற்கு? கைப்பேசியில் தட்டினால் நாள் கணக்கு வந்துவிடுமே’ என்று இன்றைய இளைஞர் கேட்கலாம். வரட்டும், நன்று. ஆனால், எந்த நாளில் தொடங்கி எண்ண வேண்டும், அந்த நாள் சேருமா, கெடு 60 நாளா இரண்டு மாதமா என்று கைப்பேசிக்குச் சொல்ல வேண்டியவர் யார்? கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரியாதவருக்குக் கருவி தரும் விடை சரியாயினும் பயனில்லை. ‘அலுவலகத்துக் கிராணியார் பார்த்துக்கொள்வார்’ என்பது மற்றொரு கூற்று. கிராணியார் நல்லவராகவே இருக்கட்டும். நூற்றுக்கணக்கானோர் ஏட்டைப் பார்ப்பவர் அவர். நம் பிள்ளையின் பிறந்த நாளும் நம் கெடுவும் அவர் நெஞ்சில் எப்படி நிற்கும்? அவரவர் கணக்கு அவரவர் கையில் இருப்பதே முறை. நல்ல நாள் பார்ப்பதை விட்டுவிடுங்கள் என்று யாம் சொல்லவில்லை. முகூர்த்த நாளைக் குறித்த அதே கையால் கெடு நாளையும் குறித்து வையுங்கள் என்றே வேண்டுகிறோம்.

இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு நாற்பது பக்கப் பயிற்சிப் புத்தகம் போதும். அதன் மேலுறையில் ‘குடும்ப நாளேடு’ என்று எழுதுங்கள். முதற்பக்கத்தில் குடும்பத்தார் ஒவ்வொருவரின் பெயரும் பிறந்த தேதியும், பெற்றோர் வேலையில் சேர்ந்த தேதியும் இடம்பெறட்டும். அடுத்த பக்கங்களில் நான்கு பத்திகள் போடுங்கள்: நடந்தது என்ன, நடந்த தேதி, கெடு எத்தனை நாள், கடைசித் தேதி எது. அடகுச் சீட்டு, மருத்துவ மனையின் மறுசந்திப்பு, வாகனச் சாலை வரி, கடவுச்சீட்டு முடியும் நாள் ஆகிய யாவும் அதில் ஏறட்டும். தமிழ்நாட்டுக்குத் தலயாத்திரை செல்ல எண்ணுவோர், பயணத்தின்போது கடவுச்சீட்டில் குறைந்தது ஆறு மாதக் காலம் எஞ்சியிருக்க வேண்டும் என்பதையும் அதில் எழுதிவையுங்கள். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னதாக நாள்காட்டியில் சிவப்பு மையால் ஒரு வட்டம் இடுங்கள்.

இந்த ஏட்டைப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். நான்காம் ஆண்டு பயிலும் பிள்ளைக்கு இதனைப் பேணும் ஆற்றல் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறன்று அப்பா கேட்க, பிள்ளை படித்துக் காட்டட்டும். பள்ளியில் படித்த கணக்கால் வீட்டுக்கு நன்மை விளைவதைக் காணும் பிள்ளை, படிப்பின் மேல் கொள்ளும் மதிப்பு நூறு அறிவுரைகளால் வாராது. ஆசிரியர்களும் தங்கள் பங்குக்கு, பயிற்றி நூலின் எடுத்துக்காட்டுகளோடு நில்லாமல், தோட்டத்து வாழ்விலிருந்தே கணக்குகளை எடுத்துத் தரல் வேண்டும்.

போன நாளைத் திரும்ப அழைக்கும் ஆற்றல் எவர்க்கும் இல்லை. வரும் நாளை எண்ணிவைக்கும் ஆற்றலோ, பத்து வயதுப் பிள்ளைக்கும் உண்டு. அந்த ஆற்றலைப் பள்ளி கற்றுத் தரட்டும். இல்லம் அதனைப் பயன்படுத்தட்டும். இம்மலர் உங்கள் கைக்கு வந்து சேரும் நாளிலேயே அந்தப் பயிற்சிப் புத்தகத்தின் முதல் வரி எழுதப்படுமானால், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்வோம்.